சிலிம் ரிவர் இரவுகளும் கொரியப் பேய்களும்

கொரியப் பேய்ப்படம் பார்க்க உலகத்திலேயே தோதான ஊர் எது என்று யாராவது கேட்டால், ஒரு நொடிகூட யோசிக்காமல் மலேசியாவின் சிலிம் ரிவர் என்பேன். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். மழை பெய்து ஓய்ந்த மாலையில் மேகம் அதன் பாதி உடம்பை விழுங்கிவிடும். உலு சிலிம் பக்கம் போனால் வெந்நீர் ஊற்றின் ஆவி தரையிலிருந்தே எழுந்து வரும். ஊரைச் சுற்றிச் செம்பனை. அதற்கு முன்னால் அதே மண்ணில் நின்றது பால்மரம். இரவு ஏறி, பெரிய சாலையில் லாரிச் சத்தம் அடங்கியதும் தவளைகளும் சில்வண்டுகளும் ஊரைத் தங்கள் வசம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கூடத்து விளக்கை அணைத்துவிட்டுக் கொரியப் படம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். படத்துக்குள் பெய்கிற மழை எது, நம் ஓட்டின் மேல் பெய்கிற மழை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எனக்கு இந்தப் படங்கள் மேல் இருப்பது சாதாரண விருப்பமில்லை, பித்து. ரத்தம் தெறிக்கிற, வெட்டுக்குத்து நிறைந்த படங்களைச் சொல்லவில்லை. மெல்ல நகர்ந்து, வீட்டையும் காட்டையும் முகங்களையும் காட்டிக்கொண்டே நம் மனத்தைக் கலைத்துவிடுகிற படங்களைச் சொல்கிறேன். பார்த்து முடித்த இரவில் தூக்கம் வராது. அதற்குப் பயம் மட்டும் காரணமில்லை. அந்தப் பெண் ஏன் அப்படிப் பார்த்தாள், அந்த அப்பா ஏன் ஒன்றுமே பேசவில்லை என்று மனம் திரும்பத் திரும்ப அங்கேயே போய் நிற்கும். இவ்வளவு பயத்தையும் இவ்வளவு துக்கத்தையும் ஒரே மூச்சில் கொடுக்கிற சினிமா வேறு எங்கேயும் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பித்து தொடங்கிய இடம், கிம் ஜீ-ஊன் இயக்கி 2003-இல் வந்த 'எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்'. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் அக்கா சூ-மி, அவளை ஒட்டிக்கொண்டே திரியும் தங்கை சூ-யோன், வாசலில் மிகையான சிரிப்போடு வரவேற்கும் சித்தி, வாயே திறக்காத அப்பா. நான்கு பேர், ஒரு வீடு. பக்கத்தில் ஏரி. ஏரிக்குள் நீட்டிய மரத்துறையில் உட்கார்ந்து அக்காளும் தங்கையும் தண்ணீரில் கால் நனைக்கிறார்கள். வெயில் அழகாக விழுகிறது. எதுவும் தப்பாக நடக்கவில்லை. ஆனாலும் அந்த வெயிலிலேயே நமக்கு உடம்பு சில்லிடத் தொடங்கிவிடுகிறது.

அந்த வீட்டைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும். சுவர் முழுக்கப் பூப்போட்ட தாள் ஒட்டியிருக்கும். கரும்பச்சை, அடர்சிவப்பு, கொடிகள், இலைகள். ஒரு சுவரில் ஒட்டிய பூ அடுத்த அறைக்குள்ளும் படர்ந்து போவதாகத் தோன்றும். விளக்குகள் மஞ்சளாக எரியும், ஆனால் மூலைகளை எட்டாது. மரத்தரை ஒவ்வொரு அடிக்கும் முனகும். அறையில் ஓர் அலமாரி நிற்கும். அதன் அருகில் யார் போனாலும் நம் கை நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு அழகான வீட்டில் ஏன் யாருக்கும் மூச்சுவிட முடியவில்லை என்கிற கேள்வியிலேயே பாதிக் கதை இருக்கிறது.

எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்தது சாப்பாட்டு மேசைக் காட்சி. சித்தியின் தம்பியும் அவர் மனைவியும் விருந்துக்கு வந்திருக்கிறார்கள். சித்தி பழைய கதை ஒன்றைச் சொல்லிக் கலகலவென்று சிரிக்கிறாள். எதிரே இருக்கும் தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படி ஒன்று நடந்ததாக நினைவில்லை என்கிறான். அவள் இன்னும் வேகமாகப் பேசுகிறாள், இன்னும் சத்தமாகச் சிரிக்கிறாள். மற்றவர்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துத் தம்பி மனைவிக்கு மூச்சுத் திணறி, வலிப்பு வந்து தரையில் விழுகிறாள். விழுந்த இடத்திலிருந்து அவள் கண்ணுக்குப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ஏதோ தெரிகிறது. என்ன பார்த்தாள் என்பதைக் காரில் வீடு திரும்பும்போதுதான் சொல்கிறாள். பேய் அந்தக் காட்சியில் வருவது கொஞ்ச நேரம். அதற்கு முந்தைய அந்தச் சிரிப்புதான் என்னை உலுக்கியது. குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும்போது ஒருவர் மட்டும் அதிகமாகச் சிரிக்க, மற்றவர்கள் தலை குனிந்திருக்கும் விருந்து எத்தனை வீடுகளில் நடந்திருக்கிறது! அந்த மேசையில் உட்காராத தமிழ்க் குடும்பம் உண்டா?

சித்தியாக வரும் யும் ஜங்-ஆவின் நடிப்பை எவ்வளவு புகழ்ந்தாலும் எனக்குத் தீராது. ஒரே முகத்தில் பரிவும் வெறுப்பும் பயமும் மாறி மாறி வருகின்றன. லீ பியோங்-ஊவின் இசையும் அப்படித்தான். பேய்ப்படத்துக்கு இசை என்றால் காதைக் கிழிக்கும் என்று பழகிப்போன நமக்கு, அவர் தாலாட்டின் சாயல் உள்ள மெட்டைத் தருகிறார். முடிவில் அந்த மெட்டு திரும்ப வரும்போது கண்ணில் நீர் முட்டும். கதையின் முடிச்சை நான் இங்கே அவிழ்க்கப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: முடிவு தெரிந்தபின் முதல் காட்சியிலிருந்து மறுபடி பாருங்கள். அப்பாவின் ஒவ்வொரு பெருமூச்சுக்கும் அப்போது வேறு அர்த்தம் கிடைக்கும்.

இந்தப் படத்துக்கு வேர் ஒரு பழங்கதை. சோசன் காலத்திலிருந்து கொரியாவில் சொல்லப்பட்டுவரும் ஜங்ஹ்வா, ஹொங்ரியோன் என்ற இரண்டு சகோதரிகளின் கதை. சித்தியின் சூழ்ச்சியால் பழி சுமந்து நீரில் மாண்டுபோகும் பெண்கள், ஊருக்குப் புதிதாக வரும் அதிகாரியின் முன் இரவில் தோன்றுகிறார்கள். ஒவ்வோர் அதிகாரியும் பார்த்த பயத்திலேயே செத்துப்போகிறான். கடைசியாக ஒருவன் மட்டும் பயப்படாமல் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்கிறான். கேட்டபின் நியாயம் கிடைக்கிறது. இந்தக் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு கொரியப் பேய்ப்படங்கள் மொத்தமாக எனக்குத் திறந்துகொண்டன. அந்தப் பெண்கள் யாரையும் கொல்ல வரவில்லை. தங்களுக்கு நடந்ததைச் சொல்ல வருகிறார்கள். கேட்கத் தைரியமில்லாதவன்தான் செத்துப்போகிறான்.

இது நமக்கு அந்நியமான விஷயமா? அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களைத் தெய்வமாக்கிக் கும்பிட்ட சனம் நாம். மதுரை வீரன் கதையும் காத்தவராயன் கதையும் அப்படி முளைத்தவைதான். கப்பலேறி மலாயாவுக்கு வந்த நம் முன்னோர் அந்தச் சாமிகளையும் கூடவே கொண்டுவந்து, பால்மரக் காட்டின் ஓரத்தில் கல்லும் வேலும் நட்டார்கள். திருவிழாவில் ஒருவர் மேல் சாமி இறங்கினால் ஊர்ப் பெரியவர் முதலில் கேட்பது, "நீ யாரு? என்ன வேணும்? எதுக்கு வந்திருக்கே?" என்பதுதான். விரட்டுவது அப்புறம். முதலில் கேட்க வேண்டும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இது ரத்தத்தில் ஊறிய முறை. அதனால்தான் கொரியப் படம் எனக்கு முதல் பார்வையிலேயே சொந்தமாகிவிட்டது.

இதை முழுசாகப் புரியவைத்தது 2016-இல் வந்த 'தி வெய்லிங்'. நா ஹொங்-ஜின் இயக்கிய இந்தப் படத்தை என் அத்தையோடு உட்கார்ந்து பார்த்தேன். அத்தைக்குக் கொரிய மொழியும் தெரியாது, மலாய் வசன வரிகளை அந்த வேகத்தில் படிக்கவும் முடியாது. நான்தான் அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தேன். கோக்சோங் என்ற மலைக்கிராமம். தெற்கு ஜொல்லா மாநிலத்தில் உண்மையாகவே இருக்கிற ஊர் அது. அங்கே வரிசையாகக் கொலைகள். செய்தவர்கள் எல்லாரும் அந்தந்தக் குடும்பத்து ஆட்கள்தான். உடம்பெல்லாம் தடித்த சொறி, கண்ணில் வெறித்த பார்வை. காரணம் காட்டுக் காளானா, காட்டில் தனியாக வந்து குடியேறிய ஜப்பானியக் கிழவனா, வெள்ளை உடுத்தித் திரியும் அந்தப் பெண்ணா? யாருக்கும் தெரியவில்லை.

படத்தின் தொடக்கத்தில் ஒரு சின்ன விஷயம் உண்டு. விடியலில், மழைக்குள், கொலை நடந்த வீட்டுக்கு வரச்சொல்லி போலீஸ்காரன் ஜொங்-கூவுக்குப் போன் வருகிறது. பதறி எழுந்தவனை மாமியார் உட்காரவைத்துச் சோறு போடுகிறார். அவனும் சாப்பிட்டுவிட்டு, மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் போகிறான். அத்தை சட்டென்று சொன்னார்: "வெறும் வயித்தோட எளவு வீட்டுக்குப் போகக் கூடாதுடா. அந்தம்மா சரியாத்தான் செய்யுது." அந்த நிமிடத்திலிருந்து அத்தைக்கு அது வேற்று நாட்டுப் படமாக இல்லை.

பிறகு அந்தச் சடங்குக் காட்சி வந்தது. ஜொங்-கூவின் சின்ன மகள் ஹியோ-ஜின்னை ஏதோ பிடித்துக்கொள்கிறது. அதை விரட்டப் பூசாரி இல்-குவாங் வருகிறான். ஹ்வாங் ஜங்-மின் அந்த வேடத்தில் வாழ்ந்திருக்கிறார். முற்றத்தில் படையல், தீ, தாளம், மேளம். அவன் சுழன்று ஆடுகிறான், கோழியை அறுக்கிறான், மரத்தில் செதுக்கிய காவல் உருவத்தில் ஆணியை இறக்குகிறான். படம் அங்கிருந்து மலைக்கு வெட்டுகிறது. அங்கே ஜப்பானியக் கிழவன் தனியாகத் தன் பூசையைச் செய்துகொண்டிருக்கிறான். இங்கேயும் மேளம், அங்கேயும் மேளம். நடுவில் அறைக்குள் குழந்தை துடிக்கிறது. பல நிமிடம் நீளும் அந்தக் காட்சியில் எனக்கு மூச்சே விடத் தோன்றவில்லை. அத்தை முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். எத்தனையோ முனியாண்டி பூசையில் உடுக்கைச் சத்தத்தை நேரில் கேட்டவர் அவர்.

"கோழி அறுக்கிறான், சரி. அந்த ஆணிய யாருக்கு அடிக்கிறான்? ஆணி இறங்குறப்பல்லாம் புள்ளதான கத்துது, பாரு!"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உலகம் முழுக்க விமரிசகர்கள் கட்டுரை கட்டுரையாக எழுதி விவாதித்த கேள்வியை, வசனம் புரியாமலே தாளத்தையும் பிள்ளையின் அலறலையும் வைத்து அத்தை பிடித்துவிட்டார். இயக்குநர் அந்த இரண்டு பூசைகளையும் அப்படி மாற்றி மாற்றி வெட்டியிருப்பதே நம்மை ஒரு பக்கம் நம்பவைக்கத்தான். அதை மீறிப் பார்க்கிறவருக்கு அடியில் இன்னொரு கதை ஓடுகிறது. யாரை நம்புவது என்பதே அந்தப் படத்தின் பயம். கடைசிக் கால் மணி நேரத்தில், சேவல் கூவும் முன் ஜொங்-கூ முடிவெடுத்தாக வேண்டும். அவனோடு சேர்ந்து நானும் அத்தையும் தெருவில் நின்றுகொண்டிருந்தோம். போகாதே என்று அத்தை திரையைப் பார்த்துக் கத்தினார்.

156 நிமிடப் படம் அது. ஒரு நிமிடம்கூடக் குறைக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஒளிப்பதிவாளர் ஹொங் கியோங்-பியோ அந்த மலையையும் மழையையும் கதாபாத்திரங்களாக்கியிருக்கிறார். பின்னாளில் 'பர்னிங்', 'பாரசைட்' படங்களுக்கும் ஒளிப்பதிவு செய்தவர் இவர்தான். மேகம் மலைச்சரிவில் இறங்குவதைக் காட்டும்போது அவர் அவசரப்படுவதே இல்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் டுரோலாக்கில் விடியற்காலையில் நின்று பார்த்தால் தெரியும் அதே மேகம், அதே ஈரம், அதே சாம்பல் நிறம். ஜப்பானியக் கிழவனாக வந்த ஜுன் குனிமுரா அந்த வேடத்துக்காகக் கொரியாவின் புளூ டிராகன் விருதை வாங்கினார். அதை வாங்கிய முதல் வெளிநாட்டு நடிகர் அவர். படத்தில் அவர் அதிகம் பேசுவதில்லை. அவரைப் பார்த்து ஊரே அஞ்சுகிறது, ஏனென்றால் ஊருக்குப் பழைய நினைவு ஒன்று இருக்கிறது.

அந்தப் பழைய நினைவு சிலிம் ரிவருக்கும் உண்டு. 1942 ஜனவரி 7. விடிவதற்கு முந்தைய இருட்டில் ஜப்பானிய டாங்கிகள் டுரோலாக்கைத் தாண்டி, பால்மரக் காடுகளுக்கு நடுவே ஓடும் இந்தச் சாலை வழியாகவே இறங்கி வந்தன. எதிர்த்து நின்றது 11-ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவு. குளூனி தோட்டத்தை நோக்கி நடந்துகொண்டிருந்த கூர்க்காப் பட்டாளத்தைப் பின்னாலிருந்து வந்த டாங்கிகள் சிதறடித்தன. ஒரு பகலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான்கே நாளில், ஜனவரி 11-ஆம் தேதி, கோலாலம்பூர் விழுந்தது. அதற்குப் பிறகு ஜப்பானியர்கள் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாக நம் ஆட்களை சயாம் ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். பெரும்பாலான வீடுகளில் திரும்பி வராத ஒருவரைப் பற்றிய பேச்சு உண்டு. அதைவிட, பேசாமல் விட்டது அதிகம்.

கொரியாவும் 1910 முதல் 1945 வரை ஜப்பானின் பிடியில் இருந்த நாடு. அங்கேயும் பேசாமல் விட்டது ஏராளம். அந்த மௌனத்தையே அவர்கள் சினிமா பேயாக எழுப்புகிறது. 2007-இல் வந்த 'எபிடாஃப்' படத்தின் கதை நடப்பது அதே 1942-இல், ஜப்பானிய ஆட்சிக் காலத்து சியோலின் ஒரு மருத்துவமனையில். மூன்று கதைகள், மூன்றும் அன்புக்காகச் செத்தவர்களின் கதைகள். விபத்தில் தாயை இழந்த சிறுமியின் கனவில் அந்தத் தாய் தோன்றும் காட்சி, கொரியப் பேய்ப்படங்களிலேயே மிகப் பயங்கரமான காட்சி என்று பலர் சொல்வார்கள்; நானும் அதையே சொல்வேன். 2004-இல் வந்த 'ஆர்-பாயிண்ட்' இன்னொரு போரைத் தொடுகிறது. 1972, வியட்நாம். ஆறு மாதத்துக்கு முன் காணாமல் போய், செத்துவிட்டதாக முடிவு கட்டப்பட்ட கொரியப் படைவீரர்களிடமிருந்து வானொலியில் அழைப்பு வருகிறது. தேடிப் போகிற அணி, மூடுபனிக்குள் நிற்கும் பாழடைந்த மாளிகையில் தங்குகிறது. கம்போடியாவின் பொக்கோர் மலையில், பிரெஞ்சுக்காரர்கள் கட்டிக் கைவிட்ட கட்டடத்தில் படமாக்கினார்கள். பாசி பிடித்த அந்தச் சுவர்களைப் பார்த்ததும் எனக்கு பத்து காஜாவில் பாதியில் நின்றுபோன கெல்லி கோட்டை நினைவுக்கு வந்தது. வில்லியம் கெல்லி ஸ்மித் 1926-இல் லிஸ்பனில் இறந்ததோடு கட்டட வேலையும் நின்றுபோன அந்த மாளிகையில் நடந்திருக்கிறவர்களுக்கு 'ஆர்-பாயிண்ட்' படத்தின் வாடை உடனே பிடிபடும்.

இந்த வரிசையின் உச்சம் ஜாங் ஜே-ஹியோன் இயக்கிய 'எக்ஸ்ஹூமா'. 2024-இல் ஈப்போவுக்குப் போய்ப் பெரிய திரையில் பார்த்தேன். ஓர் அமெரிக்கக் கொரியக் குடும்பத்தில் தலைச்சன் பிள்ளைகளை மட்டும் ஏதோ வாட்டுகிறது. பூசாரிப் பெண் ஹ்வா-ரிம், உடம்பெல்லாம் மந்திரம் பச்சை குத்திய அவள் சீடன், மண் பார்த்து மனை சொல்லும் ஒரு பெரியவர், பிணம் எடுத்து அடக்கம் செய்யும் ஒருவர் என்று நான்கு பேரும் சேர்ந்து ஒரு மூதாதையின் கல்லறையைத் தோண்டுகிறார்கள். மண் பார்க்கிறவராக சொய் மின்-சிக். அவர் குழியில் இறங்கி ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துச் சுவைக்கிறார். முகம் மாறுகிறது. வார்த்தையே இல்லாமல், இந்த மண்ணில் கெட்டது இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. நிலத்தை நாக்கால் படிக்கும் மனிதனை வேறு எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

ஹ்வா-ரிம்மாக வரும் கிம் கோ-யூன் ஆடும் சடங்கு இன்னொரு பெருவிருந்து. படையலாக ஐந்து பன்றிகள், கையில் கத்தி, முகத்தில் கரி, காலில் சாதாரண விளையாட்டுச் சப்பாத்து. பழைய சடங்கை இன்றைய பெண் ஒருத்தி அவ்வளவு இயல்பாகத் தன் தொழிலாகச் செய்கிறாள். படத்தின் உள்ளே இயக்குநர் புதைத்திருக்கும் குறிப்புகளோ தோண்டத் தோண்ட வரும். கதாபாத்திரங்களுக்குச் சுதந்திரப் போராட்ட வீரர்களின் பெயர்கள். கார்களின் எண்கள் 0815, 0301, 1945: விடுதலை நாள், 1919-இன் மார்ச் முதல் நாள் எழுச்சி, விடுதலை பெற்ற ஆண்டு. கல்லறைக்கு அடியில் இன்னொன்று புதைந்திருக்கிறது. அது ஒரு குடும்பத்தின் பாவத்தைத் தாண்டி ஒரு நாட்டின் காயத்துக்குப் போகிறது. தென்கொரியாவில் 1 கோடியே 19 லட்சம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். அந்த நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய 5 கோடியே 20 லட்சம்தான். தன் தாத்தா காலத்துக் காயத்தைப் பற்றிய பேய்க்கதைக்கு ஒரு நாடே வரிசையில் நின்றிருக்கிறது என்றால், அதைவிடச் சினிமாவுக்கு என்ன பெருமை வேண்டும்?

வரலாறு வேண்டாம், வீட்டுக்குள் நடப்பதே போதும் என்கிறவர்களுக்கும் கொரியா வாரி வழங்குகிறது. கிம் கி-யங் 1960-இலேயே எடுத்த 'தி ஹவுஸ்மெய்ட்' கறுப்பு வெள்ளைப் படம். பியானோ கற்றுக்கொடுக்கும் கணவன், தையல் இயந்திரத்தை மிதித்து மிதித்து வீடு கட்டக் காசு சேர்த்த மனைவி, புதிதாக வரும் வேலைக்காரப் பெண், அடுக்களை அலமாரியில் எலி மருந்துப் புட்டி. மாடிப்படியில் யார் ஏறினாலும் இறங்கினாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். 'பாரசைட்' எடுத்த பொங் ஜூன்-ஹோ தன் படத்தின் படிக்கட்டுகளுக்கு கிம் கி-யங்கையே குருவாகச் சொல்லியிருக்கிறார். பொங்கிடம் உதவி இயக்குநராக இருந்த ஜேசன் யூ 2023-இல் எடுத்த 'ஸ்லீப்' அந்தப் பரம்பரையின் புதுத் தளிர். தூக்கத்தில் எழுந்து நடக்கும் கணவன், கர்ப்பிணி மனைவி, ஒரு சின்ன அடுக்குமாடி வீடு. கணவனுக்கு வந்திருப்பது நோயா, பேயா? மனைவிக்கு வந்திருப்பது பயமா, பைத்தியமா? கடைசிவரை இரண்டு பதிலும் பொருந்துகின்றன. கணவனாக நடித்த லீ சன்-கியூன் அந்த ஆண்டு டிசம்பரில் மறைந்துவிட்டார் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

பரீட்சையும் மதிப்பெண்ணும் பிள்ளைகளை என்ன செய்யும் என்பதை 1998-இல் 'விஸ்பரிங் காரிடார்ஸ்' பேய்க்கதையாகச் சொன்னது. பெண்கள் பள்ளியின் நீண்ட நடைவழியில் தூரத்தில் நின்ற உருவம், கண் சிமிட்டும் நேரத்தில் துள்ளித் துள்ளிக் கிட்டே வரும் அந்தக் காட்சி இன்றும் பேசப்படுகிறது. எஸ்.பி.எம். தேர்வு எழுதும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அப்பா அம்மாவும் சேர்ந்து பார்க்க வேண்டிய படம்.

நம் தமிழ்ப் பேய்ப்படங்களும் எனக்கு உயிர்தான். 'யாவரும் நலம்' தந்த திகிலையும் 'மாயா'வின் இருட்டையும் நான் கொண்டாடியிருக்கிறேன். 'சந்திரமுகி' பார்க்காத மலேசியத் தமிழர் யார்? மனப்பிளவைப் பேய்க்கதைக்குள் வைத்த அந்தப் படமும் 'எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்' படமும் நெருங்கிய உறவு. 'சந்திரமுகி'யில் மருத்துவர் வந்து எல்லாவற்றையும் விளக்கிக் கதவைச் சாத்திவிடுவார். நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். கொரியக்காரர்கள் அந்தக் கதவைத் திறந்தே வைத்துவிடுகிறார்கள். விளக்கம் கிடைத்த பிறகும் துக்கம் தீர்வதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு சாவு நடந்த வீட்டில் காரணம் தெரிந்துவிட்டால் அழுகை நின்றுவிடுமா?

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் 'எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்', தனியாகப் பாருங்கள். அடுத்து 'எக்ஸ்ஹூமா', அதைக் கூட்டமாகப் பார்க்கலாம், வேகமும் உண்டு. மூன்றாவதாக 'தி வெய்லிங்'. வீட்டில் சாமி பூசை தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் கட்டாயம் பக்கத்தில் உட்காரவையுங்கள். கைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். இந்தப் படங்களில் ஓர் ஓரப் பார்வைக்கும் ஒரு கதவிடுக்குக்கும்கூட வேலை இருக்கிறது. சத்தத்தைக் கூட்டுங்கள். மழைத்துளி, மரத்தரை, அடுத்த அறையில் யாரோ புரண்டு படுக்கும் ஓசை எல்லாம் சேர்ந்துதான் கதை சொல்கின்றன. மொழிமாற்றிய குரலில் பார்க்காதீர்கள். நடிகர்களின் மூச்சும் தயக்கமும் அவர்கள் குரலில்தான் இருக்கின்றன.

இவ்வளவையும் பார்த்து முடித்தவனுக்குள் ஓர் ஆசை வளர்ந்துகொண்டே இருக்கிறது. கோக்சோங்கை உலகம் அறிந்ததற்கு ஒரு படம் காரணம். சிலிம் ரிவரில் என்ன குறைச்சல்? டாங்கிகள் இறங்கி வந்த சாலை இருக்கிறது. துரை பங்களாக்களும் லயன் வீடுகளும் பெரட்டுக் களமும் இருந்த இடங்களைச் செம்பனை மூடியிருக்கிறது. தோட்டம் கைமாறியபோது இடம்பெயர்ந்த முனியாண்டிகள் இருக்கிறார்கள். சயாமுக்குப் போனவரின் பெயரை இன்றும் வீட்டில் சொல்லத் தயங்கும் பாட்டிகள் இருக்கிறார்கள். 2015-இல் சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த 'ஜகாட்' தோட்டம் இழந்த தமிழ்க் குடும்பத்தை நேர்மையாகத் திரைக்குக் கொண்டுவந்தது. நம் கதையை நம்மால் சொல்ல முடியும் என்று நிரூபித்தது. அடுத்த படி, நம் பேய்களையும் நாமே பேசவைப்பது. கேமரா தூக்கித் திரியும் நம் இளையவர்கள் கொரியப் படங்களைப் பார்த்துப் பயப்படுவதோடு நிற்கக் கூடாது. எப்படி ஒரு வீட்டைக் காட்டினார்கள், எங்கே சத்தத்தை நிறுத்தினார்கள், ஒரு குடும்பத்தின் மௌனத்தை எப்படிக் கதையாக்கினார்கள் என்று காட்சி காட்சியாகப் படிக்க வேண்டும். பிறகு தங்கள் பாட்டியிடம் போய் உட்கார்ந்து, ஜப்பான் காலத்தில் நம் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். அந்தப் படம் வெளியாகும் நாளில் முதல் காட்சிக்கு முதல் வரிசையில் நானும் அத்தையும் உட்கார்ந்திருப்போம்.